ஈகோ மோடு காருக்கா, காலுக்கா?

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, போன வருஷம் ஒரு ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார் வாங்கினான். வேலை ஓசூர் சிப்காட்டில், வீடு கிருஷ்ணகிரியில். வாரம் முழுக்க ஓசூரில் ரூம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பினால் திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவான். கார் வாங்கி மூன்று வாரம் கழித்து ஒரு போன்.

"மாமா, ஈகோ மோடுல ஓட்டினா 24 குடுக்குது. நார்மல்ல 16 தான். இவ்ளோ பெரிய விஷயத்தை ஷோரூம்ல ஒருத்தனும் சொல்லல பாருங்க."

24-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை. ஒரே தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் மிச்சம். ஒரு பட்டனை அமுக்கினால் இது நடக்கும் என்றால், மற்ற மோடுகளை எதற்கு காரில் வைக்க வேண்டும்?

"ஈகோல எப்போ ஓட்டினே, நார்மல்ல எப்போ ஓட்டினே?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை போறப்போ ஈகோ. திங்கக்கிழமை வர்றப்போ நார்மல். அதே ரோடு, அதே 50 கிலோமீட்டர், ரெண்டு தடவையும் 80-லதான் போனேன். கரெக்டாதானே டெஸ்ட் பண்ணிருக்கேன்?"

கேட்க சரியாகத்தான் இருந்தது. போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னான். "மேலுமலை இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா மீட்டர் இன்னும் ஏறுது மாமா."

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கடைசி வாக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் 24, 16 கணக்கைப் பார்ப்போம்.

ரோடு ஒன்றுதான், ஆனால் சாய்ந்திருக்கிறது

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஓசூரை விட்டுக் கிளம்பி சூளகிரி, மேலுமலை, குருபரப்பள்ளி வழியாக கிருஷ்ணகிரி போய்ச் சேரும்போது நாம் கிட்டத்தட்ட 400 மீட்டர் கீழே இறங்கியிருப்போம். மேலுமலை தவிர மற்ற இடங்களில் இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெட்ரோல் டேங்குக்குத் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்று ஒரு கணக்கு. ஆளோடு சேர்த்து வண்டி 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல்: 1200 பெருக்கல் 9.8 பெருக்கல் 400. சுமார் 47 லட்சம் ஜூல், அதாவது 4.7 மெகாஜூல்.

ஒரு லிட்டர் சுத்தமான பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. எத்தனாலில் சுமார் 21. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதனால் லிட்டருக்கு 30 என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். சக்கரத்துக்கு வந்து சேர்வது தோராயமாக நாலில் ஒரு பங்கு, 7.5 மெகாஜூல். ஏறும்போது இன்ஜின் கொஞ்சம் நன்றாகவே வேலை செய்யும் (ஏன் என்று பிறகு சொல்கிறேன்). அதையும் சேர்த்துப் பார்த்தால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறுவதற்கு மட்டும் கூடுதலாக அரை லிட்டருக்குச் சற்று மேல் ஆகும்.

இப்போது சமதள ரோட்டில் என்ன செலவு என்று பார்க்கலாம். 80 கிமீ வேகத்தில் ஒரு சின்ன காரைப் பின்னால் இழுப்பவை இரண்டு. டயர் உருளும்போது வரும் தடை சுமார் 140 நியூட்டன். காற்றுத் தடை சுமார் 200 நியூட்டன். மொத்தம் 340. இந்தத் தடையை எதிர்த்து 50 கிமீ போக 17 மெகாஜூல் வேண்டும். 7.5-ஆல் வகுத்தால் 2.3 லிட்டர். ஏசிக்கு ஒரு பத்து சதவீதம் சேர்த்தால் 2.5 லிட்டர். அதாவது லிட்டருக்கு 20 கிமீ.

ஏறும்போது 2.5 லிட்டரோடு 0.55 சேர்ந்தால் 3.05 லிட்டர். மைலேஜ் 16.

இறங்கும்போது அந்த ஆற்றல் திரும்பக் கிடைக்கும், ஆனால் முழுசாக இல்லை. மேலுமலை இறக்கத்தில் பிரேக் போட்டு கொஞ்சம் வீணாக்குவோம். ஒரு 0.45 லிட்டர் திரும்ப வருகிறது என்றால் செலவு 2.05 லிட்டர். மைலேஜ் 24.

மச்சான் சொன்ன இரண்டு எண்களும் அப்படியே வந்துவிட்டன. இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் நான் ஈகோ பட்டனைத் தொடவே இல்லை. அவன் அளந்தது மோடை இல்லை, தக்காண பீடபூமியின் விளிம்பை!

அடுத்த வாரம் மாற்றி ஓட்டச் சொன்னேன். போகும்போது நார்மல், வரும்போது ஈகோ. நார்மலில் 23, ஈகோவில் 17 என்று மெசேஜ் வந்தது. கூடவே, "இப்போ எது மாமா நல்ல மோடு?"

நியாயமான கேள்வி. ஈகோவில் இறக்கம் 24, ஏற்றம் 17. நார்மலில் 23, 16. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 24-ஐயும் 17-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. லிட்டராக மாற்றித்தான் கூட்ட வேண்டும். ஈகோவில் 2.08 கூட்டல் 2.94, மொத்தம் 5.02 லிட்டர். நார்மலில் 2.17 கூட்டல் 3.13, மொத்தம் 5.30 லிட்டர். போக வர 100 கிமீக்கு வித்தியாசம் கால் லிட்டர் சொச்சம், 5 சதவீதம். எதிர்க்காற்று ஒரு நாள் பலமாக அடித்தாலே இவ்வளவு மாறும். மீட்டரில் புள்ளிக்குப் பிறகு வருவதை அவன் விட்டுவிட்டுச் சொன்னான் என்றால் அதுவே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

பட்டனை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் திராட்டிலுக்கும் நடுவில் ஒரு கேபிள் இருந்தது. இப்போது பெடலில் இருப்பது ஒரு சென்சார். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை அது கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. திராட்டிலை எவ்வளவு திறப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், உங்கள் கால் ஒரு இன்புட், அவ்வளவுதான்.

மோடு மாற்றும்போது முக்கியமாக மாறுபவை மூன்று.

ஒன்று, பெடல் கணக்கு. ஈகோவில் பாதி மிதித்தால் இன்ஜின் கால்வாசிதான் கேட்ட மாதிரி நடந்துகொள்ளும். ஸ்போர்ட்டில் கால்வாசி மிதித்தாலே பாதி கேட்ட மாதிரி பாயும். சில கார்களில் ஈகோவில் டார்க்குக்கே ஒரு வரம்பு வைத்திருப்பார்கள்.

இரண்டு, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறும் நேரம். ஈகோவில் சீக்கிரம் மேல் கியருக்குப் போகும், இன்ஜின் சுற்று குறைவாக இருக்கும். ஸ்போர்ட்டில் கீழ் கியரைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்று, சில கார்களில் ஏசி கம்ப்ரஸர் கொஞ்சம் சாந்தமாக வேலை செய்யும்.

இந்த மூன்றில் பெட்ரோலை நேரடியாகச் சேமிப்பதில் முக்கியமானது இரண்டாவதுதான். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் பாதி மூடியிருந்தால், அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே இன்ஜின் உழைக்க வேண்டும். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடுவது போல. சுற்று குறைவாக, திராட்டில் நன்றாகத் திறந்து ஓடும்போது அந்த விரயம் குறையும். மேட்டில் ஏறும்போது இன்ஜின் கொஞ்சம் நன்றாக வேலை செய்கிறது என்று மேலே சொன்னேனே, காரணம் இதுதான்.

மேனுவல் கார் ஓட்டுபவர்கள் இந்த வேலையைக் கையாலேயே செய்கிறார்கள். மீட்டரில் மேல் அம்புக்குறி வரும்போது கியரை மாற்றினால் அதுவே உங்கள் ஈகோ மோடு.

ஆட்டோமேட்டிக்கிலும் சமதளத்தில் சீராக 80-ல் போகும்போது நார்மல், ஈகோ இரண்டும் அநேகமாக ஒரே டாப் கியரில்தான் இருக்கும். பின்னால் இழுக்கும் 340 நியூட்டனும் அதேதான். பட்டனுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஸ்போர்ட்டில் மட்டும் வண்டி ஒரு கியர் கீழே நின்று இன்ஜினை வீணாகச் சுற்றவைக்கும். அந்தச் செலவு உண்மையானது.

பட்டன் வேலை செய்யும் இடம்

நெடுஞ்சாலையில் பட்டனுக்கு வேலை கம்மி என்றால் வேறு எங்கே? அதே 44-ம் எண் சாலையில் எதிர்ப்பக்கம், ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, காலை எட்டரை மணிக்கு.

ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் என் போன்றவர்களுக்கு அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று சொன்னாலே வலது கால் வலிக்கும். சுமார் 20 கிமீ. 50-க்குப் போவோம், பிரேக் போடுவோம், நிற்போம், மறுபடி கிளம்புவோம்.

1200 கிலோ வண்டியை 50 கிமீ வேகத்துக்குக் கொண்டுவர 116 கிலோஜூல் வேண்டும். பிரேக் போட்டதும் அத்தனையும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போகும். நெரிசலில் இன்ஜின் திறன் இன்னும் மோசமாக இருக்கும் என்பதால் லிட்டருக்கு 6 மெகாஜூல்தான் கிடைக்கும் என்று வைப்போம். அப்படியானால் ஒரு தடவை 50-க்குப் போய் நின்றால் சுமார் 19 மில்லி பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று பார்த்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் இரண்டு ரூபாய்! 80-லிருந்து பிரேக் போட்டு நிறுத்தினால் ஐந்து ரூபாய்.

மெதுவாக ஆக்சிலரேட் பண்ணினால் மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 50-க்கு ஐந்து விநாடியில் போனாலும் பதினைந்து விநாடியில் போனாலும் வண்டிக்குள் சேரும் ஆற்றல் அதே 116 கிலோஜூல்தான். மிச்சம் வருவது வேறு வழியில். முன்னால் இருக்கும் இடைவெளி 100 மீட்டர்தான். சுறுசுறுப்பான பெடலில் அதற்குள் 50-ஐத் தொட்டுவிட்டு பிரேக் போடுவோம். மந்தமான பெடலில் 35-ஐத் தொடுவதற்குள் முன்வண்டி வந்துவிடும். 35-ல் வண்டிக்குள் இருக்கும் ஆற்றல் 57 கிலோஜூல், கிட்டத்தட்ட பாதி. போய்ச் சேரும் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் முன்னால் நிற்கும் பஸ்ஸை இரண்டு பேரும் தாண்டப் போவதில்லை.

ஒரு நடையில் 25 தடவை இப்படி நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டுத் தடைக்கு 0.73 லிட்டர், பிரேக்கில் போவது 0.48, ஏசியோடு மொத்தம் கால் மணி நேரம் நிற்பதற்கு 0.25. கூட்டினால் 1.46 லிட்டர், லிட்டருக்கு 14 கிமீக்கும் கீழே. அந்த 25-ல் பாதி இடங்களில் 50-க்குப் பதில் 35-ல் நிறுத்திக்கொண்டால் 1.34 லிட்டர், லிட்டருக்கு 15. மாசம் 24 நாள், தினமும் 40 கிமீ என்றால் 6 லிட்டர் மிச்சம். 600 ரூபாய். ஓசூரில் வாடகை குறைவு என்று இங்கே குடிவந்து, அந்த மிச்சத்தைப் பெட்ரோலில் விடும் குடும்பங்களுக்கு அது கேபிள் பில்லும் கேஸ் சிலிண்டரில் பாதியும்.

இந்த 600 ரூபாயைச் சம்பாதித்தது யார்? பட்டன் அமுக்கியதால் பெடல் மந்தமாச்சு. பெடல் மந்தமானதால் கால் அடங்கியது. முன்வண்டியைப் பார்த்து முன்கூட்டியே காலை எடுப்பவருக்கு நார்மலிலும் அதே 600 கிடைக்கும். ஈகோவில் வண்டி இழுக்கவில்லை என்று எரிச்சலாகி முழுசாக மிதிப்பவருக்கு ஈகோவிலும் கிடைக்காது. தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: ஈகோ மோடு பெரும்பாலும் காலுக்கு.

வேகம் என்கிற உண்மையான மோடு

மறுபடி கிருஷ்ணகிரி ரோட்டுக்கு வருவோம். காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். மேலே சொன்ன அதே காருக்கு மொத்தத் தடை 60-ல் 250 நியூட்டன், 80-ல் 340, 100-ல் 450, 120-ல் 590. 80-லிருந்து 100-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை. ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை இதனால் மிச்சமாகும் நேரம் ஏழரை நிமிஷம். செலவு 60, 70 ரூபாய். எந்தப் பட்டனாலும் இதைத் தடுக்க முடியாது. (60-ல் போனால் 30 மைலேஜ் வருமா என்றால் அவ்வளவு வராது. சுமை ரொம்பக் குறைந்தால் திராட்டில் மூடி, இன்ஜின் திறன் குறையும்.)

இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம்ம ஊரிலேயே தயாராகிறது. ஓசூரில் செய்யும் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரில் ஈகோ மோடு போட்டால் உச்ச வேகமே குறைந்துவிடும். எவ்வளவு முறுக்கினாலும் அதற்கு மேல் போகாது. அதனால் அங்கே ஈகோ உண்மையாகவே ரேஞ்சைக் கூட்டுகிறது. வேகத்தைக் கட்டும் மோடு சேமிக்கும், பெடலை மட்டும் மந்தமாக்கும் மோடு உங்கள் தயவில் இருக்கும். அதே கம்பெனி அரசு சான்றிதழ் ரேஞ்ச் ஒன்று, சாலையில் கிடைக்கும் 'ட்ரூ ரேஞ்ச்' இன்னொன்று என இரண்டு எண்களைச் சொல்கிறது. இரண்டாவது எப்போதும் குறைவு.

ஸ்டிக்கரில் போட்ட மைலேஜ்

பெட்ரோல் கார்களுக்கு அந்த இரண்டாவது எண் கிடையாது. ஏஆர்ஏஐ என்று நாம் சொல்லும் எண், சோதனைச் சாலையில்கூட எடுத்தது இல்லை. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓட்டி எடுப்பது. அட்டவணையின் நீளம் 1180 விநாடி, இருபது நிமிஷம்கூட இல்லை. உச்ச வேகம் 90 கிமீ. 0-லிருந்து 50-க்குப் போக 26 விநாடி எடுத்துக்கொள்வார்கள். ஏசி கிடையாது, மேலுமலை கிடையாது, சந்தாபுரா கிடையாது. அது பொய் எண் இல்லை. இரண்டு கார்களை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க உதவும். உங்கள் மாசச் செலவைச் சொல்ல அதனால் முடியாது. இதைவிடக் கடுமையான சோதனை முறைக்கு மாறிய ஐரோப்பாவிலேயே, பெட்ரோல், டீசல் கார்கள் சாலையில் சோதனை எண்ணைவிட சுமார் 20 சதவீதம் அதிகம் குடிக்கின்றன என்று ஐரோப்பிய ஆணையம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது.

நம் பக்கம் இ20 விஷயமும் இருக்கிறது. மேலே போட்ட 32, 21 கணக்குப்படி இ20-ல் லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் ஆற்றல் குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே சொன்னது. இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம். பழைய கார் வைத்திருப்பவர் "முன்னே மாதிரி மைலேஜ் இல்லை" என்றால் அவர் காலை மட்டும் குறை சொல்ல முடியாது.

மேலுமலையில் நியூட்ரல்

இப்போது அந்தக் கடைசி வாக்கியம்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து அறிவு. அப்போது அதில் அர்த்தம் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால், வண்டி இறங்கும் வேகமே இன்ஜினைச் சுற்றும். அதனால் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும். அந்த நேரத்துச் செலவு பூஜ்யம். நியூட்ரலில் இன்ஜின் தானாகச் சுற்ற வேண்டும். அதற்கு மணிக்கு முக்கால் லிட்டர் வரை குடிக்கும். அப்படியானால் மச்சானுக்கு மீட்டர் ஏன் ஏறியது? நியூட்ரலில் இன்ஜின் இழுவை இல்லாததால் வண்டி வேகமாகவும் தூரமாகவும் உருளும். லேசான சரிவில் அதனால் ஒரு சின்ன லாபம் வரலாம். எப்படியும் பிரேக் போட்டுத்தான் இறங்க வேண்டும் என்கிற மேலுமலை மாதிரி இறக்கத்தில் அந்த லாபமும் பிரேக்கில் போய்விடும். மொத்தம் ஆறு கிலோமீட்டர் இறக்கம் என்றால்கூட நாம் பேசுவது ஐந்து, ஏழு ரூபாய் பற்றி.

அதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? இன்ஜின் பிரேக்கிங் போச்சு. முழுச் சுமையும் பிரேக் மேல். சூடேறிய பிரேக் பிடிப்பைக் குறைக்கும். எரிபொருள் மிச்சம் என்று சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

இதே நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே, தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே நடக்கும் லாரி விபத்துகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது. நியூட்ரலில் இறக்காதீர்கள் என்று போலீஸ் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் பத்திரமாக கியரில் இறங்கினாலும் பின்னால் வரும் லாரி எதில் இறங்குகிறது என்று நமக்குத் தெரியாது. அந்த இறக்கத்தில் நம் வண்டியும் கட்டுப்பாடு இல்லாமல் இருக்க வேண்டாம்.

ஏறும்போதும் ஒரு விஷயம். மேலுமலை ஏற்றத்தில் இரண்டு லாரிகள் பக்கத்துப் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஈகோவில் இருந்தபடி ஓவர்டேக் எடுத்தால், மிதித்து ஒரு விநாடி கழித்துத்தான் வண்டிக்கு விஷயம் புரியும். எடுப்பதற்கு முன்பே நார்மலுக்கு மாற்றிவிடுங்கள். அதற்காகும் பெட்ரோல் கணக்கில் வராது.

நீங்களே அளக்க வேண்டுமென்றால்

மீட்டர் காட்டும் எண் பொதுவாகக் கொஞ்சம் தாராளமானது. டேங்கை நிரப்பி அளப்பதே நல்லது, ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. நாசில் ஆட்டோ கட் ஆகும் இடம் அரை லிட்டர் முன்பின் ஆகலாம். 10 லிட்டர் நிரப்பி அளந்தால் அதுவே 5 சதவீதப் பிழை. நீங்கள் தேடும் வித்தியாசமும் 5 சதவீதம்தான்! 30 லிட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு நிரப்பினால் பிழை 2 சதவீதத்துக்குள் வரும்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இந்தப் பக்கம் வரி அதிகமா, அந்தப் பக்கம் அதிகமா என்று பார்த்து அத்திப்பள்ளியிலோ ஓசூரிலோ மாற்றி மாற்றி நிரப்புவோம். அளக்கும் மாசத்தில் மட்டும் ஒரே பங்க், ஒரே பம்பு என்று இருங்கள். டயர் காற்றை ஆரம்பத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். ஒரு டேங்க் ஈகோ, இரண்டு டேங்க் நார்மல், மறுபடி ஒரு டேங்க் ஈகோ என்ற வரிசையில் ஓட்டினால், வெயில் கூடுவது, டிராபிக் மாறுவது போன்றவை இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக விழும். ஆபீசில் நாங்கள் ஏ/பி டெஸ்ட் என்று செய்வதும் இதே மாதிரிதான். முக்கியமாக, போன வழியே திரும்பி வந்த பிறகுதான் ஒரு பயணம் முடிந்ததாகக் கணக்கு.

இதையெல்லாம் மச்சானிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பேப்பரில் எழுதிக் காட்டினேன். 400 மீட்டர் கணக்கு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. நியூட்ரல் கணக்கில் மட்டும் கொஞ்ச நேரம் வாதாடினான். "அஞ்சு ரூபாய்னாலும் அஞ்சு ரூபாய்தானே மாமா" என்றான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவன் அக்கா வெளியே வந்து பர்ஸிலிருந்து ஐந்து ரூபாய் காயின் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் காயின் இப்போது அவன் காரில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல மெசேஜ் வந்தது: "ஏற்றம், ஈகோ, 17. இறக்கம் டி-லயே வந்தேன்."